தனியா, தண்ணியா? டர்பன் சீட்டாட்டச் சொல் ஒன்றின் பொருளும் பிரயாணமும்

1. பிரச்னை

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரையிலுள்ள டர்பன் நகரிலும் அதைச் சூழ்ந்த குவாசூலு-நட்டால் மாகாணத்திலும் வாழும் இந்திய வம்சத்தாரிடையே, நால்வர் கூடி இருவர் இருவராகப் பிரிந்து ஆடும் சீட்டாட்டம் ஒன்று நெடுங்காலமாகப் பெருவழக்கில் இருந்துவருகிறது. வீட்டு விசேஷங்களிலும் ஓய்வு வேளைகளிலும் ஆடப்படுவதோடு, பெரும் போட்டிகளாகவும் அது நடத்தப்படுகிறது. தமிழர், தெலுங்கர், ஹிந்தி பேசும் வம்சத்தார், குஜராத்தியர் என்ற பேதமின்றி எல்லோரும் அதைத் தம்முடைய ஆட்டமாகவே பாவிக்கின்றனர். அதன் பெயரை ஆங்கிலத்தில் டி, எச், யூ, என், ஈ, ஈ என்ற 6 எழுத்துகளால் எழுதுகிறார்கள். வாயால் சொல்லும்போது அது ஏறத்தாழத் 'தனீ' என்று ஒலிக்கும். தமிழ் லிபியில் எழுதப் புகுந்தாலோ றன்னகரமா டண்ணகரமா, ஒற்று ஒன்றா இரண்டா என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும். அப்படித் தீர்மானித்த கணமே சொல்லின் பொருளையும் தீர்மானித்தவர்கள் ஆகிவிடுவோம். ஆகவே, முடிவு காணும் வரையில் டர்பன் வழக்கை மட்டும் 'தனீ' என்று நெடிலிட்டு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

இப்பெயர் தமிழ்ச் சொல் என்பதில் பெரிய அபிப்பிராய பேதம் எழுந்ததில்லை. எந்தத் தமிழ்ச் சொல் என்பதற்கு ஆட்டக்காரர்களும் ஆட்ட விதிகளை எழுதினவர்களும் வழக்கமாகச் சொல்லிவரும் விடை, தண்ணீரைக் குறிக்கும் 'தண்ணி' என்பதே. இந்த விடை எத்தனை பேரால் திருப்பிச் சொல்லப்பட்டபோதிலும், ஆட்டத்திற்கும் நீருக்கும் என்ன சம்பந்தம் என்ற மிகச் சாமானியமான கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆட்டத்தின் அமைப்பு, அதன் உறவு ஆட்டங்கள், அது கடல் கடந்த வரலாறு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, சொல்லின் பொருளை நிர்ணயிக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆட்டத்தின் அமைப்பு

52 சீட்டுகள் கொண்ட கட்டில் ஒவ்வோர் இனத்திலும் ஜாக்கி, ஒன்பது, ஆஸ், பத்து, ராஜா, ராணி ஆகிய 6 சீட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, 24 சீட்டுகளால் 'தனீ' ஆடப்படுகிறது. சீட்டுகளின் வலிமையும் மேற்சொன்ன வரிசைதான். மற்ற ஆட்டங்களில் ராஜாவுக்கும் ராணிக்கும் கீழே அடங்கிக் கிடக்கும் ஜாக்கி இங்கே தலைமை வகிக்கிறது; எவராலும் மதிக்கப்படாத ஒன்பது அதற்கு அடுத்த ஸ்தானத்தில் அமர்கிறது. மதிப்பெண்கள் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கடைசிப் பிடியை எடுப்பவர்களுக்கு மேலும் 10 சேரும்.

முதலில் ஆளுக்கு 4 சீட்டுகள் போடப்படும். அந்த நான்கை மாத்திரம் பார்த்துக்கொண்டே, துருப்பு வைக்கும் உரிமைக்காகப் பத்து, இருபது என்று கேள்வி கேட்பார்கள். கேள்வி முடிந்து துருப்பு நிச்சயமான பிறகே மிச்சமுள்ள 2 சீட்டுகள் கைக்கு வரும். துருப்பு வைத்த கட்சிக்கு எதிர்க்கட்சி 105 புள்ளிகள் எடுத்துவிட்டால் வெற்றி எதிர்க்கட்சிக்கு. கேள்வி கேட்டு எடுத்த துருப்பானால், கேட்ட தொகை இந்த 105இலிருந்து கழிக்கப்படும். ஒரே இனத்து ராஜாவும் ராணியும் ஒரு கையில் சேர்ந்திருப்பதை 'ஜோடி' என்று அறிவித்து 20 புள்ளிகளும், அந்த இனம் துருப்பாயிருந்தால் 40 புள்ளிகளும் பெறலாம்.

இத்தனை விதிகளுக்கும் மேலாக, ஆட்டத்திற்கே பெயர் கொடுத்த அறைகூவல் ஒன்று இருக்கிறது. ஆறு சீட்டுகளையும் பார்த்த பிறகு, ஆறு பிடிகளையும் தானே எடுத்துவிட முடியும் என்று நம்புகிறவன் ஆட்டம் தொடங்குமுன் 'தனீ' என்று அறிவிப்பான். அக்கணமே முன்பு வைத்த துருப்பு செல்லாததாகிவிடும். அறிவித்தவன் முதலில் இறக்கும் சீட்டின் இனமே துருப்பாகும். புள்ளிக் கணக்கு நின்றுபோய், பிடிகளின் கணக்கொன்றே மிஞ்சும். எதிரிகள் ஒரு பிடியை எடுத்துவிட்டாலும் அவனுக்குத் தோல்வி. எதிரே உட்கார்ந்திருக்கும் அவனுடைய சொந்தக் கூட்டாளி தவறிப்போய் ஒரு பிடியை எடுத்துவிட்டாலும் அவனுக்குத் தோல்வியே.

இந்தக் கடைசி விதியின் விளைவை ஒரு கையை வைத்துக்கொண்டு பார்க்கலாம். அறிவித்தவனிடம் ஆட்டின் (இதயச் சின்னம்) என்ற இனத்தில் ஜாக்கி, ஒன்பது, ஆஸ், பத்து ஆகிய நான்கும், இஸ்பேடில் ஒன்பதும் ஆஸும் இருப்பதாகக் கொள்வோம். ஆட்டின் ஜாக்கியை இறக்கித் துருப்பை நிலைநாட்டி, நான்கு பிடிகளை அவன் பயமின்றி எடுத்துவிடுவான். ஐந்தாவது பிடிக்கு இஸ்பேட் ஒன்பதை இறக்கும்போதுதான் சங்கடம். இஸ்பேட் ஜாக்கி எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. அது கூட்டாளியின் கையில் இருக்குமானால், கூர்மையுள்ள கூட்டாளி, ஆட்டின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தன்னிடம் அந்த இனம் தீர்ந்த முதல் சந்தர்ப்பத்தில், 30 புள்ளி பெறுமதியுள்ள அந்த ஜாக்கியைக் குப்பையாகக் கழித்துவிடுவான். கழிக்கத் தவறி, ஐந்தாவது பிடியில் வேறு இஸ்பேட் இல்லாமல் அதையே இறக்க நேர்ந்தால், தன் ஜாக்கியாலேயே தன் நண்பனைக் கவிழ்த்தவன் ஆவான். மற்ற வேளைகளில் இரட்டையர் ஆட்டமாக நடப்பது இந்த ஓர் அறைகூவலில் மட்டும் ஒருவன் மூவரை எதிர்க்கும் ஆட்டமாக மாறிவிடுகிறது. சொல்லின் பொருளைத் தேடுகிறவர்கள் முதலில் மனத்தில் நிறுத்தவேண்டிய உண்மை இது.

3. 304 என்னும் எண்

ஓர் இனத்தின் 6 சீட்டுகளுக்குமுரிய புள்ளிகளைக் கூட்டினால் 76 வரும். நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304. இந்த எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் இலங்கைத் தமிழருக்கு வேறொரு நினைவு எழும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆடப்படும் '304' என்ற ஆட்டம் இதே சீட்டு வரிசையையும், இதே 30, 20, 11, 10, 3, 2 என்ற மதிப்புகளையும் கொண்டது. அங்கே எட்டும் ஏழும் சேர்ந்து 32 சீட்டுகள் உண்டு. ஆனால் அந்த இரண்டுக்கும் புள்ளி கிடையாது. ஆதலால், பயனற்ற அந்த 8 சீட்டுகளையும் நீக்கிவிட்டு ஆடினாலும் மொத்தம் குறைவதில்லை. டர்பனில் நிகழ்ந்திருப்பது அதுவே.

கேரளத்தின் 'இருபத்தெட்டு' இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒன்றுமில்லை. 304இன் மதிப்புகளைப் பத்தால் வகுத்து மிச்சத்தைத் தள்ளினால் கிடைப்பவை சரியாக இவைதாம்: இனத்திற்கு 7, மொத்தம் 28. வங்காளத்திலும் நேபாளத்திலும் பழகும் 'இருபத்தொன்பது' என்பது இந்த 28உடன் கடைசிப் பிடிக்கென ஒரு புள்ளியைச் சேர்ப்பதால் பெற்ற பெயர். டர்பனில் கடைசிப் பிடிக்கு 10 புள்ளி என்று கண்டோம். அதையும் பத்தால் வகுத்தால் வங்காளத்தின் அந்த ஒரு புள்ளி கிடைத்துவிடுகிறது. மேலும், முதலில் நான்கு சீட்டுகளைப் போட்டுக் கேள்வி கேட்க வைத்து, துருப்பைத் தீர்மானித்த பின் மிச்சத்தைப் போடும் முறை இந்த நான்கு ஆட்டங்களுக்கும் பொது.

சீட்டின் வரிசை மாத்திரம் ஒத்திருந்தால் அதை யதேச்சையானது என்று தள்ளிவிடலாம். வரிசை, மதிப்பு, சீட்டுப் போடும் முறை, கடைசிப் பிடியின் வெகுமானம் ஆகிய நான்கும் ஒருங்கே ஒத்திருப்பதை யதேச்சை என்று சொல்ல இடமில்லை. பெயரைப் பற்றி எந்த முடிவுக்கு வந்தாலும், டர்பன் ஆட்டம் இலங்கை, தென்னிந்திய ஆட்டங்களின் உடன்பிறப்பு என்பது கணக்கினாலேயே நிலைபெற்றுவிடுகிறது.

4. டச்சு மூலம்: ஆதாரமும் அதன் எல்லையும்

ஜாக்கியையும் ஒன்பதையும் தலைமையில் வைக்கும் ஆட்டங்கள் ஐரோப்பாவிலும் ஒரு பெருங் குடும்பமாக விளங்குகின்றன. ஹாலந்தின் கிளாவர்யாஸ், சுவிட்சர்லாந்தின் யாஸ், பிரான்ஸின் பெலோத் ஆகியவை அக்குடும்பத்தின் பிரசித்தமான உறுப்பினர்கள். துருப்பு இனத்தில் ஜாக்கிக்கு 20, ஒன்பதுக்கு 14, ஆஸுக்கு 11, பத்துக்கு 10 என்பது அவற்றின் பொது மதிப்பு. துருப்பு ஜாக்கியை 'யாஸ்' என்றும், துருப்பு ஒன்பதை 'நெல்' என்றும் சொல்லும் டச்சு வழக்கு சுவிட்சர்லாந்திலும் காணப்படுவதாலும், அந்நாட்டில் இவ்வாட்டத்தைக் குறித்த முதற் செய்தி 1796இல் ஷாஃப்ஹவுசன் பகுதியிலிருந்தே கிடைப்பதாலும், குடும்பத்தின் தாயகம் ஹாலந்து என்பது சீட்டாட்ட வரலாற்றாசிரியர்களின் பொதுக் கருத்தாக இருக்கிறது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும், 1663இல் கொச்சியையும் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றியது. வங்காளத்துச் சின்சுரா 1825 வரையில் டச்சுக்காரர் வசமிருந்தது. 304, 28, 29 ஆகியவை வழங்கும் பிரதேசங்களைப் படத்தில் குறித்துப் பார்த்தால், இந்தக் கோட்டைகளின் வரிசை அதன்மேல் பெரும்பாலும் பொருந்தி வருகிறது.

பாஷையும் இதற்குச் சாட்சி சொல்கிறது. சிங்களத்தில் நான்கு இனங்களுக்கும் வழங்கும் இஸ்கோப்ப, கலாபர, ருவித, ஹாரத என்ற பெயர்கள் டச்சு மொழியின் ஸ்கோப்பன், கிளாவர், ராய்தன், ஹார்தன் என்பவற்றின் திரிபுகள். நம் ஊர்களில் சீட்டுப் பிடிக்கும் எவரும் மூவிலைச் சின்னத்தைக் 'கிளாவர்' என்றே சொல்வதும் அப்படி வந்ததே. 'துருப்பு' என்ற சொல் இன்னும் நுட்பமானது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மெல்லொற்றில்லாத துருப்பு என்ற வடிவம் வழங்க, யாழ்ப்பாணத்தில் துரும்பு என்ற வடிவமும் சிங்களத்தில் அதை ஒத்து ஒலிக்கும் வடிவமும் வழங்குகின்றன. முன்னது டச்சுச் சொல்லான 'துரூஃப்' என்பதோடு நெருங்குகிறது. பின்னது போர்த்துகீசிய 'துருன்ஃபோ' அல்லது ஆங்கில 'டிரம்ப்' என்பதோடு நெருங்குகிறது. ஒரே கருத்துக்கு இரண்டு வடிவங்கள் இருப்பதிலிருந்து, சீட்டாட்டம் இக்கரையில் ஒரே அலையாக வந்து சேரவில்லை என்று ஊகிக்கலாம்.

போர்த்துகீசியரே முன்னால் வந்தவர்களாயிற்றே, ஆட்டமும் அவர்களுடையதாக ஏன் இருக்கக்கூடாது என்ற ஆட்சேபம் எழலாம். அவர்களுடைய ஸூயெக்கா முதலிய ஆட்டங்களில் ஆஸுக்கு அடுத்த இடமும் 10 புள்ளியும் ஏழுக்கு உரியவை; ஜாக்கி ராணியை வெல்லுமேயன்றி ஆஸை வெல்லாது. ஆங்கிலேயரின் விஸ்ட் ஆட்டத்திலோ சீட்டுக்குப் புள்ளியே கிடையாது. ஆகவே இனப்பெயர்களும் துருப்பும் எவரிடமிருந்து வந்திருப்பினும், ஜாக்கிக்கும் ஒன்பதுக்கும் கிடைத்த முடிசூட்டு விழா டச்சு வழியில் வந்ததென்று கொள்வதே பொருத்தம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கிளாவர்யாஸில் கடைசிப் பிடியை விலக்கினால் சீட்டுகளின் மொத்தப் புள்ளி 152. அதன் சரி இரட்டிப்பு 304. கண்ணைப் பறிக்கும் இந்த ஒற்றுமையை ஆதாரமாக எடுத்தாள எவருக்கும் ஆசை எழும். ஆனால் 152 என்பது துருப்பு இனத்தின் 62ஐயும் மற்ற மூன்று இனங்களின் தலைக்கு 30ஐயும் கூட்டி வருவது. 304 என்பது நான்கு இனங்களும் சமமாக 76 பெறுவதால் வருவது. ஹாலந்தில் துருப்பு இனத்திற்கு மட்டும் உரிய ஜாக்கியின் தலைமை நம் பக்கத்தில் எல்லா இனங்களுக்கும் பொதுவாக்கப்பட்டு, 20 என்பது 30 ஆகவும் 14 என்பது 20 ஆகவும் உயர்த்தப்பட்டிருக்கிறது. வழிகள் வேறானதால் விடைகளின் பொருத்தம் வெறும் எண் விநோதம்தான். வந்த ஆட்டத்தை இக்கரையார் எவ்வளவு துணிவோடு மாற்றியமைத்துக்கொண்டார்கள் என்பதற்கே இந்தக் கணக்கு சான்றாகும்.

5. நட்டாலுக்குச் சென்ற வழி

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதே மாதம் 26ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து 'பெல்வடேர்' வந்தது. 1911இல் இம்முறை நிறுத்தப்படும் வரையில் 152,184 பேர் கரும்புத் தோட்டங்களுக்கும் ரயில்வேக்கும் சுரங்கங்களுக்குமாகக் கொண்டுசெல்லப்பட்டனர். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள்; தமிழும் தெலுங்கும் பேசுவோரே அவர்களில் மிகுதி. ஒப்பந்தத்தில் கட்டுப்படாமல் சொந்தச் செலவில் சென்ற வியாபாரிகளில் குஜராத்தியர் அதிகம்.

304இன் புள்ளிகளை வகுக்காமல் அப்படியே வைத்திருக்கும் 'தனீ', வங்காளத்து இருபத்தொன்பதோடு ஒட்டாமல் தென்னாட்டு வடிவத்தோடு ஒட்டுகிறது. சென்னைக் கப்பல்களில் சென்ற ஜனங்களின் விகிதத்தோடு இது ஒத்துவருகிறது. அதே சமயம், 'ஜோடி' போன்ற சொற்கள் ஹிந்தி, குஜராத்தி, தமிழ் என எல்லாப் பாஷையாருக்கும் பொதுவாயிருப்பதால், அவற்றைக்கொண்டு எந்த ஒரு பிரிவாரின் உரிமையையும் நாட்டுவதற்கில்லை.

தென்னாப்பிரிக்காவிலேயே, கேப் பிரதேசத்துக் கலப்பின மக்களிடையே 'கிளாவர்யாஸ்' இன்றும் விரும்பி ஆடப்படுகிறது. அப்படியானால் ஒரே மூலத்தின் இரண்டு கிளைகள் ஒரே தேசத்தில் வேறு வேறு வாசல் வழியாக நுழைந்திருக்கின்றன: ஒன்று ஐரோப்பாவிலிருந்து, மற்றொன்று இந்து மகாசமுத்திரத்தைச் சுற்றிக்கொண்டு. டர்பன்காரர் கேப் மக்களிடமிருந்து தம் ஆட்டத்தைக் கற்றிருக்கக் கூடாதா என்று வினவுவோருக்கு விடை எளிது. கேப் ஆட்டத்தில் ஜாக்கியின் தலைமை துருப்போடு நின்றுவிடுகிறது. 'தனீ'யிலோ எல்லா இனங்களிலும் செல்லுகிறது. இந்த மாற்றம் இலங்கை, இந்திய ஆட்டங்களின் தனி முத்திரை.

6. 'தண்ணி' என்ற விளக்கமும் அதன் வலிமையும்

இனிச் சொல்லுக்கு வருவோம். 'தண்ணி' என்ற விளக்கத்திற்கு ஆதரவாக மூன்று வாதங்களைக் கூறலாம். முதலாவது, டர்பன் ஆட்டக்காரர் பலர் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் சொல்லிவருகிறார்கள் என்பது. இரண்டாவது, கடல் கடந்து சென்ற ஒரு சமுதாயத்தின் ஆட்டத்திற்கு நீரின் பெயர் அமைவது இயல்பு என்ற உணர்ச்சி சார்ந்த வாதம். மூன்றாவது, தமிழில் 'தண்ணி காட்டுதல்' என்றொரு வழக்கு உண்டு. எதிரியை அலைக்கழித்துத் திணறடிப்பதை அது குறிக்கும். ஆறு பிடிகளையும் எடுத்து எதிரிகளை ஓட்டாண்டியாக்குகிறவனுக்கு இவ்வழக்குப் பொருந்தும் என்பது.

இரண்டாவது வாதத்தில் கவிதை இருக்கிறதே தவிரப் பிரமாணம் இல்லை. அதை அத்துடன் விட்டுவிடலாம். மூன்றாவது வாதம் உண்மையிலேயே கவனத்துக்குரியது. 'தண்ணி' என்பாருக்கு இதைவிடச் சிறந்த துணை கிடைக்காது. எனினும் அதில் இரண்டு குறைகள் உள்ளன. அவ்வழக்கில் 'காட்டு' என்ற வினை விலக்க முடியாத உறுப்பு. தண்ணி என்ற பெயர் மாத்திரம் தனித்து நின்றால் தமிழன் காதில் நீர் என்றோ கள் சாராயம் என்றோ விழுமேயன்றித் திணறடித்தல் என்று விழாது. அன்றியும், அலைக்கழித்தல் எதிரியைக் குறித்த செயல். கூட்டாளி ஒரு பிடி எடுத்தாலும் தோல்வி என்ற விதியின் காரணத்தை அது தொடவே இல்லை.

ஆட்டக்காரரின் சாட்சியமான முதல் வாதத்தை மரியாதையோடு பரிசீலிக்க வேண்டும். ஆனால் ஒரு சமுதாயம் தன் சொல்லை எவ்வாறு வழங்குகிறது என்பதற்கு அதன் வாய்மொழி நேரடிச் சாட்சி. அச்சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு அது நேரடிச் சாட்சி ஆகாது. தென்னாப்பிரிக்க இந்தியர்கள் 20ஆம் நூற்றாண்டில் படிப்படியாக ஆங்கிலத்தையே வீட்டு மொழியாகக் கொண்டுவிட்டதை ரஜேந்த் மெஸ்திரி என்ற மொழியியலறிஞர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவர்களுடைய ஆங்கிலத்தில் தங்கிவிட்ட இந்தியச் சொற்களைத் தொகுத்து 2010இல் ஓர் அகராதியும் வெளியிட்டிருக்கிறார். பாட்டன் பேசிய தமிழைப் பேரன் பேசாத வீட்டில், 'தனி' என்ற நுண்ணிய கருத்துச் சொல் மறைந்துபோனாலும், தினமும் குடிக்கக் கேட்கும் 'தண்ணி' மறையாது. அர்த்தம் மங்கிய ஆட்டச் சொல்லுக்கு அர்த்தம் தேடுகிறவன், தனக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களில் ஒலியால் மிக நெருங்கியதையே எடுத்துப் பொருத்துவான். பாமரச் சொற்பிறப்பு விளக்கம் எந்தத் தேசத்திலும் இப்படித்தான் பிறக்கிறது.

7. 'தனி' என்பதற்குரிய சான்றுகள்

இந்த அறைகூவலின் இலக்கணம் ஒருவன் கூட்டாளியின் துணையின்றி எல்லாப் பிடிகளையும் எடுப்பது என்று கண்டோம். அதைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்லவேண்டுமானால் 'தனி' என்பதைத் தவிர வேறு சொல் தோன்றாது. பொருட்பொருத்தம் ஒன்றே போதாதென்பார்க்கு, உறவு ஆட்டங்கள் வேறிரண்டு சான்றுகளைத் தருகின்றன.

கேரளத்து இருபத்தெட்டில் இதே அறைகூவல் இருக்கிறது. அதற்கு அங்கே வழங்கும் பெயரும் 'தனி'தான். அறிவித்தவன் எட்டுப் பிடிகளையும் ஒற்றையாக எடுக்க வேண்டும். கூட்டாளி பொதுவாகத் தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒதுங்கியிருப்பான். வங்காளத்து இருபத்தொன்பதிலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே அதற்கு ஆங்கிலத்தில் 'சிங்கிள் ஹேண்ட்' என்று பெயர், அதாவது ஒற்றைக் கை. ஒரே குடும்பத்து ஆட்டங்களில், ஒரே செயலுக்கு, ஒரு மொழியில் 'தனி' என்றும் மற்றொரு மொழியில் 'ஒற்றைக் கை' என்றும் பெயர் வழங்குமானால், மூன்றாவது ஆட்டத்தில் 'தனீ' என்று ஒலிக்கும் பெயருக்கு மட்டும் நீர் என்று பொருள் கொள்வது நியாயமாகாது. கூட்டாளியை ஒதுக்கி வைக்கும் கேரள வழக்கோடு ஒப்பிட்டால் டர்பன் விதியின் கருத்தும் விளங்கிவிடும்: அங்கே அவன் உட்கார்ந்த இடத்தில் சும்மா இருக்கிறான், இங்கே ஆட்டத்தில் இருந்துகொண்டே எதையும் வெல்லாமல் இருக்கக் கடமைப்பட்டிருக்கிறான்.

'தனி' என்பது பெயருக்கு முன் வரும் அடைமொழியாயிற்றே, அது தனித்து ஒரு பெயராக நிற்குமோ என்று ஐயுறுவோர் கச்சேரி ரசிகர்களைக் கேட்டுப் பார்க்கலாம். மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனத்தை அவர்கள் 'தனி' என்ற ஒரே சொல்லால்தான் சுட்டுவார்கள். "இன்றைக்குத் தனி நன்றாக அமைந்தது" என்பது சபாக்களில் சர்வ சாதாரணமான பேச்சு. ஒரு வித்தையில் பழகினவர்களிடையே ஓர் அடைமொழி பரிபாஷையாகிப் பெயரின் ஸ்தானத்தைப் பெறுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

8. ஆட்சேபங்களும் சமாதானமும்

முதல் ஆட்சேபம் எழுத்தைப் பற்றியது: 'தனி' ஆனால் ஆங்கிலத்தில் ஏ என்ற எழுத்து வந்திருக்க வேண்டுமே, யூ ஏன் வந்தது? தமிழின் குறில் அகரத்தை ஆங்கிலேயர் யூ எழுத்தால் குறித்தது பழைய வழக்கம்; நம் 'கறி' அவர்கள் எழுத்தில் அப்படித்தான் மாறியது. ஆகவே யூ என்ற எழுத்து குறில் அகரத்தையே காட்டுகிறது. அது 'தனி'க்கும் 'தண்ணி'க்கும் சமமாகப் பொருந்துவதால் எந்தப் பக்கத்திற்கும் அனுகூலமில்லை. என் என்ற எழுத்து ஒற்றையாக இருப்பது மட்டும் இரட்டை ஒற்றில்லாத 'தனி'யின் பக்கம் சற்றே சாய்கிறது. எனினும் வெளியூர் எழுத்துக்கூட்டலை நம்பித் தீர்ப்புச் சொல்வது தகாது. பொருளும் உறவு வழக்குகளும் சொல்வதற்கு அது முரண்படவில்லை என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது ஆட்சேபம், அபூர்வமாக நிகழும் ஓர் அறைகூவலின் பெயர் முழு ஆட்டத்திற்கும் எப்படிப் பெயராகும் என்பது. சீட்டாட்ட உலகில் இது புதுமையன்று. துருப்பு ஜாக்கியின் பெயரான 'யாஸ்' ஓர் ஆட்டக் குடும்பத்திற்கே பெயராயிற்று. துருப்பு ராஜா ராணி ஜோடியை அறிவிக்கும் சொல்லான 'பெலோத்' என்பதே பிரெஞ்சு ஆட்டத்தின் பெயரும் ஆகும். ஆட்டத்தில் நெஞ்சு படபடக்கும் நிமிஷம் எதுவோ அதன் பெயரையே ஆட்டம் சூடிக்கொள்வது வழக்கம்.

மூன்றாவது ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வருவது. அதை ஏற்றுக்கொள்வதே நேர்மை. 'தனி' என்பது தமிழுக்கு மாத்திரம் உரிய சொல் அன்று. மலையாளத்திற்கும் அது சொந்தம். இன்று அறைகூவலை அதே பெயரால் தெளிவாக வழங்கும் ஆட்டமும் கேரளத்துடையதே. எனவே 'தனி' என்று கண்டதால் தமிழரே ஆட்டத்தைக் கொண்டுசென்றார்கள் என்று நிலைநாட்டியதாகாது. புள்ளிக் கணக்கு 304இன் பக்கமும், அறைகூவலின் பெயர் இருபத்தெட்டின் பக்கமும் கை காட்டுகின்றன. இவ்விரண்டு ஆட்டங்களும் பிரிவதற்கு முந்திய, அல்லது இரண்டின் அம்சங்களும் கலந்திருந்த, ஒரு பழைய தென்னாட்டு வடிவமே கப்பலேறியிருக்க வேண்டும் என்று ஊகிப்பது இரண்டு சான்றுகளையும் ஒருங்கே காப்பாற்றும்.

9. முடிவு

டர்பனின் ஆட்டம் 304 குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்கு அதன் எண்களே ஆதாரம். அக்குடும்பத்தின் வேர் டச்சு ஆட்டங்களில் இருக்கிறது என்பதற்குச் சீட்டு வரிசையும் இனப்பெயர்களும் ஆதாரம். ஆட்டத்தின் பெயர் 'தண்ணி' அன்று, 'தனி' என்பதற்கு அந்த அறைகூவலின் இலக்கணமும், கேரளத்திலும் வங்காளத்திலும் அதற்கு வழங்கும் பெயர்களும் ஆதாரம். இவற்றுள் முதல் முடிவு உறுதியானது. இரண்டாவது வலிமை மிக்கது. மூன்றாவது, இப்போதுள்ள சான்றுகளைக்கொண்டு பார்க்கையில், எதிர்விளக்கத்தைவிட வெகுவாக மேம்பட்டது.

சீட்டாட்டம் சூதாட்டத்தோடு வைத்து எண்ணப்பட்டதால், அதன் பரிபாஷைகளை நம் கல்விமான்கள் சேகரிக்கத் தகாதவையாகவே கருதிவந்திருக்கிறார்கள். அந்த அலட்சியத்தினால் இழப்பு மொழிக்குத்தான். யாழ்ப்பாணத்தில் 304 ஆடும் முதியவர்களும், கொச்சியில் இருபத்தெட்டு ஆடுவோரும், டர்பனில் தமிழை மறந்தும் அதன் ஆட்டச் சொல்லை மறவாதவர்களும் வழங்கும் கேள்வி, பிடி, துருப்பு, ஜோடி முதலிய சொற்களையெல்லாம், அவற்றின் உச்சரிப்போடும் ஆட்ட விதிகளோடும் ஒப்புநோக்கித் தொகுப்பது கடினமான காரியம் அன்று. சர்வகலாசாலைகளின் அகராதித் துறையார் இந்தப் பணியை எடுத்துக்கொள்ளவேண்டும். அப்படித் தொகுக்கும்போது டர்பனின் அந்தச் சொல்லை 'தனி' என்ற தலைப்பின் கீழேயே பதிவு செய்யவேண்டும்.